மூன்றாம் பாகத்தில் வராத அக்கா

காலை பத்தரை மணி. கம்பெனி கேட்டுக்குள் முதலில் வந்தது ஒரு வாழைக்கன்று. அதற்கு அடியில் அதைச் சுமந்துகொண்டு செக்யூரிட்டி. அவருக்குப் பின்னால், இலை முகத்தில் உரசாதபடி தலையைச் சாய்த்துக்கொண்டு, எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்திருந்த திரு. சவரிமுத்து.

அன்று ஆயுத பூஜை. தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர்க் கம்பெனிகளில் மற்ற நாட்களில் வெளியாள் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தோடு வரலாம். அதனால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பெண் வீட்டார் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பார்கள். மற்ற ஊர்களில் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் மெஷினைப் பார்ப்பார்கள். பையன் தனி மெஷினில் நிற்கிறானா, இன்னொருவர் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறானா, சூப்பர்வைசர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, "டேய்" என்கிறாரா என்பதையெல்லாம் சுண்டல் தின்றபடியே விசாரித்து முடித்துவிடுவார்கள்.

நான் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. பல்சக்கரங்களின் பல்லை அளப்பது வேலை. (எனக்கு மெஷின் கிடையாது. ஒரு மேஜையும் மைக்ரோமீட்டரும்தான். முந்தின நாளே மேஜைக்குச் சந்தனம் பூசி, சாமந்திச் சரம் சுற்றி, தூரத்திலிருந்து பார்த்தால் மெஷின் என்று நம்பும்படி ஆக்கி வைத்திருந்தேன்.) சஃபாரி உடுப்பு போட்டிருந்தேன். கல்யாணத்துக்கு உதவும் என்று முன்யோசனையோடு தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பொரிப் பொட்டலம் விநியோகிக்கிற எவனும் மனிதனாகத் தெரிய மாட்டான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சவரிமுத்து கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் பாய்லர் பார்ப்பவர். கூடவே மகள் ஸ்டெல்லாவும் "சும்மா கம்பெனி பார்க்க" வந்திருந்தாள். மேஜையைப் பார்த்தார், மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கித் தன் கட்டைவிரல் நகத்தை அளந்தார், திருப்திப்பட்டது போலத் தெரிந்தது.

"வீட்ல நீங்க ஒரே பையன்தானே?"

"ஆமாங்க. கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்க."

"நல்லது" என்றார். (நாத்தனார் இல்லாத வீடு என்பதற்கு அந்தக் காலத்தில் தனி மதிப்பு உண்டு.)

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஒரு நாளைக் கழித்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. மதியம் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. கேன்டீனில் ஓர் ஆங்கில விஞ்ஞானப் படத்தின் மூன்றாம் பாகத்தை மைக்கில் தமிழில் விளக்க வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு எப்படி வந்தது என்பதற்கு எங்கள் கம்பெனி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் எங்களை அள்ளிக்கொண்டு வந்த பஸ்ஸில் ரேடியோ கிடையாது. ஆகவே கதை. அந்த ஆங்கிலப் படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் நான் பெங்களூர்த் தியேட்டரில் பார்த்திருந்தேன். வசனத்தில் எனக்குப் புரிந்தவை "கேப்டன்", "நோ", "ரன்" ஆகிய மூன்று சொற்கள். மற்றதை முகங்களைப் பார்த்துப் பூர்த்தி செய்துகொண்டேன். ஆனால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஆங்கிலப் பேப்பர் வாங்கி பஸ்ஸில் விரித்துப் பிடிக்கிற ஒரே ஆள் நான். அதனால் என் வாக்குக்கு மறுப்பு இல்லை.

கதை இதுதான். தண்ணீர் வற்றிப்போன ஒரு கிரகம். கடைசியாக மிஞ்சிய விதைகளை ஏற்றிக்கொண்டு ஒரு விண்வெளிக் கப்பல் புறப்படுகிறது. கேப்டன் ஓர் இளைஞன். விதைகளைப் பறிக்கத் துரத்தும் ஒரு ராஜா. முழங்கால் பழுதான ஒரு ரோபோ. இரண்டாம் பாகத்தின் முடிவில் எதிரியின் கோட்டைக்குள் கேப்டன் ஒரு கதவைத் திறக்கிறான், உள்ளே பார்த்துத் திகைக்கிறான், படம் முடிந்துவிடுகிறது.

நான் நேர்மையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் காலை சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட, பஸ் நெடுநேரம் நின்றுவிட்டது. கதை அந்தக் கதவு வரைக்கும் வந்து தீர்ந்துபோனது. யானைகள் தீரவில்லை. ஐம்பது பேர் என் முகத்தையே பார்த்தார்கள்.

"கதவுக்குப் பின்னால யாருப்பா?" என்று கேட்டது ஹீட் ட்ரீட்மென்ட் முனிரத்தினம்.

படத்தில் ஒரு பெண் கையில் தட்டுடன் கேமராவைக் கடந்து போவாள். இரண்டு விநாடி. வசனம் கிடையாது. அவள் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"கேப்டனோட அக்கா" என்றேன்.

பஸ்ஸே மூச்சு விட்டது. அதன்பிறகு யானைகள் விலகும்வரை அக்காவைப் பற்றியே சொன்னேன். தன் பங்குத் தண்ணீரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு உதடு வெடித்துக் கிடந்த அக்கா. கப்பலில் தண்ணீர்ப் பங்கீட்டில் அநியாயம் என்று வேலை நிறுத்தம் செய்த அக்கா (அந்த வாரம் எங்கள் கம்பெனியில் போனஸ் பேச்சுவார்த்தை). எதிரி பிடித்துக்கொண்டு போன அக்கா. தொழிற்சங்கச் செயலாளர் கோவிந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் கேப்டனைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. சூளகிரியில் ஏறுகிறவர்கள் படிக்கட்டிலேயே, "அக்கா விஷயம் ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டபடி ஏறினார்கள்.

மூன்றாம் பாகத்தின் கேசட் வந்தது அந்த ஆயுத பூஜைக்குத்தான். பூஜை நாளில் கேன்டீனில் படம் போடுவது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் தமிழ்ப் படமா, கன்னடப் படமா, தெலுங்குப் படமா என்று சண்டை வரும். இந்த முறை கமிட்டி ஓர் அபாரமான முடிவு எடுத்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலப் படத்தைப் போட்டுவிட்டால் சண்டையே இல்லை. நான் தமிழில் சொல்வது, அதைக் கேட்டு ஸ்டோர்ஸ் மஞ்சுநாத் கன்னடத்தில் சொல்வது, அதைக் கேட்டு முனிரத்தினம் தெலுங்கில் சொல்வது. ஒவ்வொரு வசனத்துக்கும் வீடியோ டெக்கை நிறுத்துவது.

பர்சனல் ஆபீசர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "மிஸ்டர் பிரான்சிஸ், உங்களால முடியுமா?" அந்தக் கேன்டீன் கூடத்தில் ஆங்கிலம் உண்மையாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றிருந்தாள். "தாராளமா சார்" என்றேன்.

சாப்பாடு முடிந்து படம் தொடங்கியது. மேஜை மேல் மேஜை போட்டு அதன்மேல் கலர் டிவி. முன்னூறு பேர், குழந்தைகள் தனி. சவரிமுத்து கொஞ்ச நேரம் பார்த்தார். ராக்கெட் இரண்டாவது முறை வெடித்ததும் எழுந்துவிட்டார். "எனக்கு இந்தச் சினிமாவெல்லாம் ஒத்து வராதுங்க. உங்க பாய்லர் எங்க இருக்குது?" செக்யூரிட்டி அவரை அழைத்துக்கொண்டு போனார். ஸ்டெல்லா முன்வரிசையிலேயே இருந்தாள்.

முதல் காட்சி அந்தக் கதவு. முன்னூறு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே ஓர் அறை, அறையில் ஒரு கைப்பிடி. கேப்டன் அதை இழுத்தான். மணி அடித்தது. அவ்வளவுதான்.

ஆண்டுக்கணக்காக உலகத்தைக் காக்க வைத்த ஒரு கதவுக்குப் பின்னால் கைப்பிடியை வைத்த மனிதரை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. எதிரி இருந்திருக்கலாம், கேப்டனின் அப்பா இருந்திருக்கலாம், காலியாகவாவது இருந்திருக்கலாம். காலி அறைக்கும் ஓர் அர்த்தம் உண்டு.

"அக்கா எங்கப்பா?" என்றது கூடம்.

"வருவாங்க. கொஞ்சம் பொறுங்க."

படமும் ஏகப்பட்ட சந்தர்ப்பம் கொடுத்தது, ஒன்றையும் பயன்படுத்தவில்லை. முக்காடு போட்ட ஓர் உருவம் இருட்டிலிருந்து வந்தது. நான் மைக்கில் குரல் தழுதழுக்க, "இதோ, வந்துட்டாங்க நம்ம அக்கா!" என்று அறிவித்தேன். முக்காடு விலகியது. உள்ளே தாடி வைத்த ஒரு கிழவர். குழந்தைகள் சிரித்தன. ஸ்டெல்லா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். (இருமல் என்று நினைத்தேன்.) ரோபோ ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நொண்டியபடி வந்தது. முதல் பாகத்திலிருந்து அது அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதற்குள் அக்காவின் கடிதம் இருக்கிறது என்று துணிந்து சொன்னேன். வெடிகுண்டு இருந்தது. ராஜா சாகும் நேரத்தில் கேப்டனின் சட்டையைப் பிடித்து இழுத்து, கண்ணுக்குள் பார்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எந்த ஊர்க் கூத்துக்காரனும் அந்த வாயை வீணாக்க மாட்டான். இவன் திறந்த வாயோடு செத்துப்போனான். விதைகளை எங்கே விதைத்தார்கள் என்றுகூடக் காட்டவில்லை. அதற்குள் கப்பல் பறந்து போய்விட்டது.

இதற்கிடையில் வேறொரு விபரீதம். மஞ்சுநாத் பொறுமைசாலி அல்ல. கப்பலின் கம்ப்யூட்டர் பெண் குரலில் பேசியதைக் கேட்டவுடன், அதுதான் அக்கா, உடம்பு போய்விட்டது, குரல் மட்டும் தம்பியைக் காப்பாற்றுகிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டான். கன்னடப் பக்கம் விம்மல். முனிரத்தினம் அதற்கு மேல் போனான். ராஜாவின் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்ற ராணியைக் காட்டி, அக்காவை எதிரி கல்யாணம் செய்துகொண்டான் என்று தெலுங்கில் முடித்துவிட்டான். தெலுங்குப் பக்கம் கைதட்டல். தமிழ்ப் பக்கம் மட்டும் அக்கா இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"அவங்களுக்கு மட்டும் அக்கா வந்துட்டாங்க, நமக்கு ஏன் வரல?" என்று யாரோ எழுந்தார்கள்.

"அதானே! நாம என்னா இளிச்சவாயங்களா?"

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. படம் முடிந்தது. "அக்கா எங்கே" என்று தமிழிலும், தங்கள் அக்காவைப் பற்றி இப்போது சந்தேகம் வந்துவிட்டதால் "எல்லி" என்று கன்னடத்திலும் "எக்கட" என்று தெலுங்கிலும் கூச்சல். மூன்று மொழியிலும் அக்கா அக்காதான்.

பர்சனல் ஆபீசர் எழுந்து மைக்கை வாங்கினார். நல்ல மனிதர், கூட்டத்தை அமைதிப்படுத்த நினைத்தார். "இந்தப் படத்துல அக்கான்னு ஒரு கேரக்டரே கிடையாது" என்றார்.

அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

கோவிந்தசாமி பெஞ்சின் மேல் ஏறினார். "தோழர்களே! அக்கா யாரு? தண்ணிப் பங்கீட்டுல அநியாயம்னு வேலை நிறுத்தம் பண்ணவங்க! இன்னிக்கி மேனேஜ்மென்ட் எந்திரிச்சு, அப்படி ஒரு ஆளே இல்லைங்குது! எப்படி இல்லாமப் போவாங்க? கட் பண்ணிட்டாங்க!"

"கட் பண்ணிட்டாங்க!" என்றது கூடம்.

"முழுப் படத்தைப் போடு!"

"அக்காவை வெளியே விடு!"

டிவியைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கேசட்டைக் கையோடு பிடித்துக்கொண்டது ஒரு குழு. பர்சனல் ஆபீசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோவிந்தசாமியும் என்னைப் பார்த்தார். மைக் என் கைக்கு வந்துவிட்டது.

"பிரான்சிசு, பயப்படாம சொல்லு. அக்கா இருக்காங்களா இல்லியா?"

இல்லை என்றால் நாளைக்கு பஸ்ஸில் ஏற முடியாது. இருக்கிறார் என்றால் ஆபீசர் என்னை வேலையில் வைத்திருக்க மாட்டார். அந்த வயதில் எனக்கு அதிபுத்திசாலித்தனமாகத் தோன்றிய ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தேன். தெளிவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, மைக்கில் சொன்னேன்.

"அக்கா உயிரோடதான் இருக்காங்க. ஆனா எங்க இருக்காங்கன்னு சொல்ற நிலைமையில நான் இல்ல."

கூடத்தின் வாசலில், பாய்லர் பார்த்துவிட்டுத் திரும்பிய சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

முன்னூறு பேர் ஒரு வாலிபனை வளைத்துக்கொண்டு, அக்காவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று காலையில் சொன்னவன் மைக்கிலேயே ஒப்புக்கொள்கிறான். அவர் பார்த்தது இவ்வளவுதான். வேறு எப்படி நினைப்பார்?

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து முறைப்படி கூட வேலை செய்பவர்களிடம் விசாரித்தார். கைகழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "இந்த அக்கா விஷயம் என்னாங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எவரும் மறைக்கவில்லை.

"தங்கமானவங்க சார். தம்பிக்குத் தண்ணி குடுத்துட்டு, தான் காஞ்சு கெடந்தவங்க" என்றார் சூளகிரி ஆள் ஒருவர்.

"அவங்க போயிட்டாங்க சார்" என்றான் மஞ்சுநாத் தன் தமிழில். "இப்ப குரல் மட்டும் பக்கத்துல இருக்குது. ராத்திரி பேசுவாங்க."

முனிரத்தினம் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னான். "வெளியே சொல்லாதீங்க. எதிரி வீட்டுலயே வாக்கப்பட்டுட்டாங்க."

கோவிந்தசாமி மட்டும் கோபமாக இருந்தார். "அந்தக் குடும்பத்தையே அழிச்சது மேனேஜ்மென்ட்டுங்க."

சவரிமுத்து அன்று சொல்லிக்கொள்ளாமல் போனார். கேட் அருகே ஸ்டெல்லா அவரிடம் ஏதோ படபடவென்று விளக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவள் சொன்னது எனக்குப் பிறகு தெரிந்தது. "அப்பா, அது சினிமால வர்ற அக்காப்பா." அவர் சொன்ன பதிலும் தெரிந்தது. "சினிமால வர்ற அக்காவுக்கு யாராச்சும் இப்படிக் கத்துவாங்களா? உனக்கு உலகம் தெரியாது."

சம்பந்தம் கை நழுவிவிட்டது என்று நான் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சஃபாரியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த நேரத்தில், பழக்கூடையுடன் சவரிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மாவிடம்தான் பேசினார். தலையைக் குனிந்துகொண்டு, மிக மரியாதையாக.

"மூத்த பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேங்க. எந்த வீட்ல இல்ல? நல்ல பொண்ணுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. தம்பியும் கடைசி வரைக்கும் காட்டிக் குடுக்கல, அதுதான் எனக்குப் புடிச்சது. கல்யாணத்துக்கு அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. எங்க பக்கத்துல ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க."

என் அம்மாவுக்குப் பிறந்தது நான் ஒருவன்தான். அவர் அதிர்ச்சியில் அழவில்லை, கத்தவில்லை. மெதுவாகத் திரும்பி என் அப்பாவைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி கல்லாவியில மூணு வருஷம் தனியா வேலையில இருந்தீங்களே" என்றார்.

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அவருடைய கலக்கம் நியாயமானது. ஆனால் அதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நான் குறுக்கே விழுந்து கதவு, கைப்பிடி, யானை, ரோபோ எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லச் சவரிமுத்து என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். "போதும் தம்பி. போதும். புரியுது."

அம்மா அப்பாவுடன் பேச ஆரம்பிக்கக் கிறிஸ்துமஸ் ஆனது. அதுவும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வீடியோக் கடைக்குப் போய், கேசட்டை வாங்கி வந்து அம்மாவுக்கு முழுப் படத்தையும் போட்டுக் காட்டிய பிறகு. அம்மா முடியும்வரை பார்த்தார். "இதுல யாரும் இல்லையே" என்றார். "அதான் சொல்றேன்" என்றார் அப்பா.

பொங்கல் கழித்துக் கல்யாணம். கம்பெனி பஸ்ஸே கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. இறங்கிய முப்பது நாற்பது பேரும் என் கையைக் குலுக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா வந்துட்டாங்களா?" சவரிமுத்து பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும், "எதிர்பார்க்கிறோம்" என்றார்.

ஸ்டெல்லா பல வருஷம் முயன்று பார்த்தாள். கேபிள் டிவி வந்த காலத்தில் ஒரு நாள் இரண்டாம் பாகம் ஓடியபோது, அப்பாவை இழுத்து உட்கார வைத்து, தட்டோடு போகும் பெண்ணைக் காட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் தட்டுக்காரி திரையை விட்டுப் போய்விட்டாள். "பாக்கல" என்றார். எங்கள் வீட்டில் இன்றும் யாராவது சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தால் பிள்ளைகள் கேட்பது, "அக்காவையும் கூட்டிட்டு வந்தீங்களா?" என்பதுதான்.

கல்யாணத்தன்று பெண் வீட்டார் நாத்தனாருக்குச் சேலை வைத்துக் கொடுப்பது முறை. சவரிமுத்து பட்டுச் சேலையாகவே எடுத்திருந்தார். மாம்பழ நிறம், பச்சைக் கரை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். அது எங்கள் பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. யாரும் பிரித்ததில்லை.